மங்கிய வெளிச்சத்தில் ஓர் ஆமென்

போன ஞாயிறு மாலை எங்கள் ஆலயக் கமிட்டியோடு மல்லுக்கு நின்றேன். எழுபத்தெட்டு வயதில் இது தேவையா என்பீர்கள். தேவைதான்!

உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் எங்கள் ஆலயம். பதினாறு விளக்குகள். (நீண்ட பிரசங்கத்தில் வேறு எதை எண்ணுவதாம்?) அதில் நான்கை என் மகள் ஜெனி மாற்றினாள். என்ஜினீயரிங் கல்லூரியில் பாடம் எடுப்பவள். மைக்கில் பேசுவது எழுத்தாக மாறி, அந்த விளக்குகளின் வெளிச்சம் வழியாகவே என் மனைவி சரோஜத்தின் போனுக்கு வந்து சேரும். சரோஜத்துக்குக் காது அறவே கேட்காது. அடுத்தவர் உதட்டைப் பார்த்து ஆமென் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது வாசித்துச் சொன்னாள்.

ஒரே ஒரு தகராறு... ஜெப நேரத்தில் விளக்கை மங்கவைப்பது எங்கள் ஆலய வழக்கம். மங்கியதும் எழுத்து அறுந்துவிடும்.

செயலாளர் தங்கராஜ் என் பழைய மாணவன். "சாரே, ஜெபத்துல நின்னு போற சாதனம் எதுக்காக்கும்? கழத்திருவோம்" என்றான்.

காது உள்ளவர்களின் வழக்கத்துக்காக, காது கேளாதவள் வெளியே நிற்க வேண்டுமா?

ஜெனி விடவில்லை. முன்பு வெளிச்சம் கூடினால் ஒன்று, குறைந்தால் பூஜ்யம் என்று போன் எண்ணி எழுத்தாக்கும். மங்கவைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கருவி திணறியது. அந்த முறையையே தூக்கிப் போட்டாள். இப்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் குட்டிக் குட்டித் துடிப்புகள். எவ்வளவு பிரகாசம் என்பதல்ல, ஒவ்வொரு துடிப்பும் எந்தக் கணத்தில் விழுகிறது என்பதே செய்தி.

ஆராதனை முடிந்ததும் சோதனை. சரோஜம் கடைசி பெஞ்சில், போனோடு. தங்கராஜ் மைக் பக்கத்தில் நின்று விளக்கைக் குறைத்தான். பாதி... கால்...

"இன்னும் குறைடே!" என்றேன்.

வேதப்புத்தக எழுத்தே தெரியாத இருட்டு. தங்கராஜ் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தான்: "சாருக்கு வயசாயி கிறுக்கு புடிச்சாச்சு. காது கேக்காத ஒரு அக்காளுக்கு வேண்டி இம்புட்டு பாடா?"

கடைசி பெஞ்சிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "எலே தங்கராசு! சாருக்குக் கிறுக்கு கல்யாணத்துக்கு முந்தியே உண்டு. காது கேக்காதவளுக்கும் இந்தச் சபையில பங்கு உண்டு மக்கா. வெளக்கு அங்கயே கெடக்கட்டும்!"

கமிட்டியில் பதினொரு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை — மைக் இன்னும் அணையவில்லையே!

விளக்குகள் இருக்கின்றன. முணுமுணுக்கிறவர்கள்தான் இனி வெளியே போய் முணுமுணுக்க வேண்டும்.