எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த வேன் அக்கா

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், மஸ்ஜித் தானா பாசாரில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கிளினிக்கில் தாதியாக இருக்கும் சரோஜா. "அண்ணே, நம்ம புவனா அக்கா தவறிட்டாங்கண்ணே. காலையில நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள..." கையிலிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தேன். முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். யாரைக் கேட்டு இந்த அம்மா இப்படி அவசரப்பட்டார்?

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி புவனேஸ்வரி ரெம்பியா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டபோது எல்லாரையும் போல அவர் குடும்பமும் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்தது. லோரி ஓட்டிய கணவர் இறந்த பிறகு பள்ளி வேன் ஓட்டத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, மிச்சமிருந்த தோட்ட லயங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் ஏற்றிச் சென்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் வேன் அக்கா.

வீட்டில் நடக்கும் அடிதடி பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை எங்கள் வட்டாரத்தில் முதலில் கண்டவர் ஆசிரியரும் அல்லர், டாக்டரும் அல்லர், அவர்தான். "வாசல்ல வந்து நிக்கிற நிப்பிலயே தெரியும்ணே," என்பார். கொளுத்தும் வெயிலில் சுவெட்டர் போட்டு வரும் பிள்ளையை அவர் கண் விடாது. மாலையில் வீடு வந்தும் வேனை விட்டு இறங்காமல் இருக்கும் பிள்ளையையும் விடாது.

நான் எங்கள் ஊர்க் கோயிலின் செயலாளர். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனைக் கோயிலுக்கு வரவழைத்து, சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி, குடும்பத்தைச் சேர்த்து அனுப்புவது எங்களிடம் வெகுநாள் வழக்கம். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியை அப்படித்தான் சேர்த்து வைத்தேன். அவர்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. உண்மைப் பெயர் வேண்டாம், மல்லி என்று வைத்துக்கொள்வோம். கணவன் சத்தியம் செய்து அழுதான். மனைவியும் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. "அப்பா கால்ல விழுந்து கும்பிட்டுக்கம்மா," என்று மல்லியிடம் சொன்னவன் நான்தான். இதை எழுதக் கை கூசுகிறது. அன்றோ, நல்ல காரியம் செய்த நிறைவில் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு புவனா கோயில் அலுவலக வாசலில் நின்றார்.

"செயலாளர் ஐயா, சாமி முன்னாடி எல்லாரையும் பேச விட்டீங்க. அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சின்னப் பிள்ளைம்மா. ரெண்டு நாள்ல மறந்திடும்."

"மறந்திடுமா? வேன்ல வாயே தொறக்கல. நேத்து ஒன்னே ஒன்னு கேட்டிச்சு. 'அக்கா, சாமி எங்கப்பாவுக்குக் கூட்டாளியா?'ன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

பதில் தெரியாதபோது வருவது கோபம்தானே. வேன் ஓட்டுகிறவருக்குக் கோயில் விஷயத்தில் என்ன வேலை என்று நினைத்து, "நீங்க உங்க வேலைய பாருங்கம்மா," என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன்.

"இதுதாண்ணே என் வேலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்தியம் மூன்று வாரம் தாங்கியது. ஒரு நாள் காலை வேன் நிற்பதற்குள் மல்லியின் தாய் வீங்கிய முகத்தோடு மகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்து ஏறிக்கொண்டாள். மல்லியின் இடது கையிலும் அடி. பிள்ளைக்குப் பேச்சு அடியோடு நின்றுபோயிருந்தது. புவனா பதறவில்லை. தாயையும் மகளையும் நேராகக் கிளினிக்கில் சரோஜாவிடம் விட்டார். மற்றப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினார். அப்புறம் எனக்கு அழைத்தார்.

"அண்ணே, அந்தாளு உங்க பேச்சக் கேப்பான். கிளினிக் பக்கம் வராம நீங்கதான் பார்த்துக்கணும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வேலை கொடுத்தார். அன்று முழுக்க அவன் வீட்டில் அவன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டருக்குக் காயத்தின் கதை தெரிய வேண்டும். போலீசுக்குப் புகார் வேண்டும். சமூகநல அதிகாரிக்கும் பள்ளிக்கும் அவரவர் படிவத்தை நிரப்பியாக வேண்டும். யார்மீதும் குற்றமில்லை. ஆனால் புவனா ஒப்புக்கொள்ளவில்லை. "ஒவ்வொரு மேசையா போய் அந்தப் பிள்ளை முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா? முடியாதுலா! எல்லாரும் ஒரு இடத்துக்கு வாங்க. ஒரு தடவ போதும்," என்று ஒவ்வொருவரையும் அழைத்து மல்லுக்கு நின்றார். இரண்டு நாளில் எல்லாரும் கிளினிக்கின் பின்னறையில் ஒரே மேசைக்கு வந்தார்கள். பிள்ளைகளோடு பேசப் பயிற்சி பெற்ற ஆலோசகர் மட்டும் பக்கத்து அறையில் மல்லியோடு தரையில் உட்கார்ந்தார். வாய் பேசாத பிள்ளை வண்ணப் பென்சிலால் வரைந்து காட்டியது. மற்றவர்கள் ஆலோசகரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். புவனா வாசலிலேயே நின்றுவிட்டார். "நான் உள்ள போனா என் மூஞ்சியப் பார்த்துப் பார்த்து, எனக்குப் பிடிச்ச மாதிரி வரையும்," என்றார்.

கணவன் அவர்களை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. தாயும் மகளும் கோலா சுங்கை பாருவில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரமே புவனா என்னிடம் வந்தார்.

"மாசத்துல ரெண்டு சனிக்கிழமை கோயில் மண்டபம் வேணும்ணே. இந்த மாதிரிப் பிள்ளைங்களப் பத்தி எல்லாரும் ஒன்னா உக்காந்து பேசணும்."

கேட்கவில்லை, சொன்னார். நிர்வாகக் கூட்டத்தில் பெரிய ரகளை. "குடும்ப மானத்த மண்டபத்துல ஏத்துறதா?" என்று ஒருவர் குதித்தார். "மானம் பெரியவங்களுக்கு, அடி பிள்ளைக்கு. எதை மொதல்ல பார்க்கிறது?" என்று புவனா கேட்டார். நான் எழுந்து அவர் பக்கம் கை தூக்கினேன். அந்தக் கோயிலில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் சனிக்கிழமை மேசை. பாலர் பள்ளி ஆசிரியை, தாதி, ஆலோசகர், சமூகநல அதிகாரி, நான். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். யாராவது குடும்பத்தின் வரலாற்றை ஆரம்பித்தால் புவனா மேசையைத் தட்டுவார். "கதை வேணாம். யார் போறா? என்னைக்குப் போறா?" அவசரம் ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அஞ்சு வயசுல போய்ச் சேர்ந்தா பிள்ளை நம்ம கையப் பிடிக்கும்ணே. பதினஞ்சுல போனா கதவையே தொறக்காது," என்றார்.

நாக்கு கொஞ்சம் நீளம்தான். ஒரு வீட்டுக்குப் போக மறந்த ஆசிரியையை எல்லார் முன்னிலையிலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அந்த ஆசிரியை இரண்டு மாதம் வரவில்லை. புவனாவே அவர் வீட்டுக்குப் போய், "நான் திட்டுனது தப்பு. நீங்க மறந்ததும் தப்பு. ரெண்டும் சரியாப் போச்சு, வாங்க," என்று அழைத்து வந்தார். மல்லியின் தகப்பனைக்கூட அவர் விட்டுவிடவில்லை. குடிநோய்ச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். "திருந்தட்டும். தள்ளி இருந்து திருந்தட்டும்," என்பார். அந்தத் தூரத்தில் மட்டும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை.

மல்லியை, விளையாட்டின் வழியே மனத்தைத் தேற்றும் சிகிச்சைக்காக வியாழன்தோறும் மலாக்கா நகருக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஒரு வாரம் புவனா, மறு வாரம் நான். "வழியில எதுவும் கேக்காதீங்க. பேச வைக்கவும் பார்க்காதீங்க," என்பது எனக்கிட்ட கட்டளை. வாயை மூடிக்கொண்டு கார் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாதங்கள் போயின. நான் நம்பிக்கை இழந்துவிட்டேன், அவர் இழக்கவில்லை. ஒரு வியாழன் மாலை கைப்பேசியில் அவர் குரல் கத்தியது.

"அண்ணே! பிள்ளை பேசிருச்சு! 'ரேடியோவ கொறைங்க அக்கா, காது வலிக்குது'ன்னு சொல்லுது. எனக்கே உத்தரவு போடுதுண்ணே!"

பேசியதைவிட, உத்தரவு போட்டதில்தான் அவருக்குப் பெருமை. அவர் அழுததை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

இறுதிச் சடங்கு ரெம்பியா வீட்டில் நடந்தது. மல்லிக்கு இப்போது பதினான்கு வயது. பள்ளிச் சீருடையிலேயே தாயோடு வந்திருந்தாள். பெட்டியை வண்டியில் ஏற்றியதும் ஆண்கள் மின்சுடலைக்குக் கிளம்பினார்கள். மல்லியும் வாசலைத் தாண்டி வந்து நின்றாள். புவனாவின் உறவினரான பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"பொம்பளப் பிள்ளைங்க அங்க வரக்கூடாதும்மா. அதான் நம்ம முறை."

"நான் வருவேன் தாத்தா. கடைசி வரைக்கும் வருவேன்."

முணுமுணுக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி, நிமிர்ந்து நின்று சொன்னாள். முறை என்று வந்தால் கோயில் செயலாளர் சொல்வதுதான் எங்கள் ஊரில் முடிவு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காரின் முன்கதவைத் திறந்தேன். "ஏறும்மா," என்றேன். அவள் தாயும் ஏறிக்கொண்டாள். அதைப் பார்த்து, உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். புவனாவின் பின்னால் அன்று போன வண்டிகளில் பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும்தான். தகன மேடை வாசலில் மல்லி அழுதாள், சத்தம் போட்டே அழுதாள். யாரும் அவளை அடக்கவில்லை.

நேற்று ஒரு பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. நான்கு வயதுப் பிள்ளை, மூன்று நாளாக மேசைக்கடியில்தான் உட்காருகிறதாம். நாளை காலை நானும் சரோஜாவும் போகிறோம்.

புவனா, இனி உங்களை அழைக்க மாட்டோம். ஓய்வெடுங்கள்.