என் கடைச் சுவத்துல இப்ப சின்னம் இல்ல

ஈரச் சுண்ணாம்பு வாசனை... அதுல லேசா நீலம் கலந்திருப்பாங்க. எலெக்‌ஷன் வருதுன்னு டிவி பார்த்து எனக்குத் தெரிஞ்சதில்ல. கடைப் பக்கத்துச் சுவத்துல அந்த வாசனை அடிச்சாத்தான் தெரியும்.

மரக்காணத்துல உப்பளத்துக்குப் போற ரோட்டுல என் மளிகைக் கடை. ரோட்டப் பார்த்த பெரிய சுவரு. அத்தா காலத்துலேர்ந்து அது ஒரே கட்சிக்குத்தான். எலெக்‌ஷனுக்கு ரொம்ப முன்னாடியே மூலையில கட்சிப் பேர சின்னதா எழுதி ரிசர்வ் பண்ணிடுவாங்க. அப்புறம் வேற கட்சிக்காரன் எவனும் அதத் தொட மாட்டான்.

சின்னம் வரையறது ஏழுமலை. உப்பளத்துல வேலை, எங்க கட்சிக்குக் கிளைச் செயலாளர், எனக்குக் கூட்டாளி. அவன் ஏணி மேல நிப்பான், நான் கீழ புடிச்சிக்குவேன். "பாய், கோடு நேரா இருக்குதா?"ன்னு கேப்பான். இல்லன்னாலும் இருக்குதுன்னுதான் சொல்லுவேன்.

ஓட்டு போட ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். முடிஞ்சதும் டீக்கடையில விரல நீட்டி, யாரு மை பெருசுன்னு ஒரு சண்டை...

துபாய்ல இருந்தப்பக்கூட லீவு போட்டு வந்தவன் நான். "பெருநாளுக்கு வராத மனுஷன், ஓட்டுக்கு மட்டும் வந்துடுறீங்களே"ன்னு வீட்டுக்காரி திட்டுவா.

அப்புறம் அந்தப் புயல். உப்புப் பாத்தியெல்லாம் முழுகிப் போச்சு, யாருக்கும் வேலை இல்ல. கட்சியிலேர்ந்து அரிசி, போர்வை வந்துச்சு. குட்டி யானை வண்டியில ஏத்திக்கிட்டு நானும் ஏழுமலையும் போனோம். ஒரு தெரு வந்துச்சு, வண்டி நிக்கல.

"ஏம்பா, இங்க எறக்கலயா?"

"இந்தத் தெரு நமக்கு ஓட்டு போடல பாய். மேலேர்ந்து சொல்லிட்டாங்க."

வண்டி தங்களுக்குத்தான்னு நெனச்சு ஜனங்க வாசலுக்கு எழுந்து வந்துட்டாங்க. ஏழுமலையோட ஒரே பாத்தியில நின்னு உப்பு வார்றவங்க. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன். மறுநாள் மெம்பர் கார்ட அவன் கையிலயே குடுத்தேன்.

"வேற கட்சிக்குப் போறியா பாய்?"

"எந்தக் கட்சிக்கும் போகல."

"அப்போ யாரு கூட இருப்ப?"

நான் கடையப் பார்த்து நடந்துட்டேன்.

இந்த எலெக்‌ஷனுக்கு மத்த கட்சிக்காரங்க வந்து சுவரு கேட்டாங்க. இல்லன்னுட்டேன். நானே ஏணி போட்டு வெள்ளையடிச்சேன். கீழ புடிக்க ஆளில்லாம ஏணி ஆடிக்கிட்டே இருந்துச்சு. இங்க அடிக்கிற உப்புக் காத்துக்கு சுண்ணாம்பு நிக்குமா? ஒரே மாசத்துல உரிஞ்சு, அடியில இருந்த பழைய சின்னம் எட்டிப் பார்க்குது. ஏழுமலை சைக்கிள்ல போவான். சுவத்தப் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான்.

ஓட்டு போடற அன்னிக்குத் தனியா போனேன். பழக்கதோஷம்... கால் நேரா பூத்துக்கு வெளிய ஏழுமலை உக்காந்திருந்த கட்சி டேபிளுக்கே போயிடுச்சு. அவனும் பழக்கத்துல எனக்கு நாற்காலிய இழுத்துப் போட்டுட்டான். அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சுது.

"வெயில் ஜாஸ்தி"ன்னான்.

"ஆமா"ன்னேன். உக்காரல.

உள்ள போய் மெஷின் முன்னாடி நின்னா, கை எங்க போறதுன்னு தெரியாம நிக்குது. அத்தன வருஷமும் ஒரு பேரக்கூட படிச்சதில்ல, விரல் தானா போயிடும். அன்னிக்குத்தான் மேலேர்ந்து கீழ வரைக்கும் எல்லாப் பேரையும் படிச்சேன். படிச்சுட்டு, எனக்கு நியாயம்னு பட்ட ஆளுக்குப் போட்டேன்.

அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லங்க. இன்னொரு தடவ அந்த வண்டியில ஏத்துனாலும் அதே எடத்துலதான் எறங்குவேன்.

ஆனா டீக்கடையில வந்து உக்காந்து, என்னையறியாம விரல பெஞ்சு மேல நீட்டி வெச்சிட்டேன். எதிர்ல யாரும் இல்ல. டீ ஆறுற வரைக்கும் அப்படியே வெச்சிருந்தேன்.