ஐந்தாவது பாத்தி

கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பை உருவி, இரண்டு கத்தரி நாற்றுகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கிறார். பதினாறு அங்குலம். "ம்ஹூம், பிடிக்குது" என்று ஒன்றைக் கிளப்பி இரண்டு அங்குலம் தள்ளி நடுகிறார். "வளர்ற உடம்பு. கொஞ்சம் லூசா விட்டாத்தான் பின்னாடி சரியா இருக்கும்." தையல்காரருக்குச் செடியும் அளவு கொடுக்க வந்த ஆள்தான்.

கீழே கடை, கடைக்குப் பின்னால் அவரும் அக்காவும் இருக்கும் இரண்டு அறைகள். மாடியில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறார். அதற்கும் மேலே, மொட்டை மாடியில், ஆறு மேட்டுப்பாத்திகள். பழைய கட்டில் பலகைகளைப் பெட்டியாக அடித்து, உள்ளே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முழங்கால் உயரத்துக்கு மண் நிரப்பியவை. எதில் என்ன இருக்கிறது என்பதற்குக் குச்சியில் துணித்துண்டு கட்டியிருப்பார். சிவப்பு என்றால் தக்காளி. கோடு போட்டது முள்ளங்கி. ஏன் கோடு என்று கேட்டால், "வெள்ளை தீர்ந்துபோச்சு" என்பார்.

காலையில் தெருவிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். "மாஸ்டர், சட்டை நாளைக்குன்னு சொன்னீங்களே?"

கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை மட்டும் எழும். "இப்பவும் அதைத்தானே சொல்றேன்!"

மனிதர்களை இப்படி இழுத்தடிக்கிறவன் கீரைக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் ஒரு நாளும் பிந்தியதில்லை என்பது அக்காவின் ஆற்றாமை.

போன மழையில் நர்ஸின் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. வீட்டுக்காரர் அனுப்பிய கொத்தனார், தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கசிவு, தோட்டத்தின் மேல் தப்பில்லை என்று சொல்லி, குழாயை அடைத்துவிட்டுப் போனார். அக்கா அப்பாடா என்று உட்கார்ந்தாள். பத்து நாள் கழித்து, தைத்த சீருடையைக் கொடுக்க மாடிக்குப் போனவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஈரம் காயவில்லை, இன்னும் அகலமாகியிருந்தது. நர்ஸ் கட்டிலை அறையின் மறுபக்கம் தள்ளிப் போட்டிருந்தார்.

மறுநாள் அந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த ஐந்தாவது பாத்தியின் மூலையைத் தோண்டினார். பீன்ஸ் பூத்திருந்த பாத்தி. அடியில் ஷீட்டில் ஒரு வெட்டு. மடிப்பு படிய வேண்டும் என்று, சட்டைக் கழுத்துக்குக் கொடுப்பதுபோல அவரே கத்தரிக்கோலால் கொடுத்தது. அது நீளக் கிழிந்து, கீழே தளம் கறுத்து ஊறிக் கிடந்தது.

"வாயை மூடிக்கிட்டு இரேன்டா. கொத்தனாரே குழாய்னு சொல்லிட்டாரு" என்றாள் அக்கா.

"வெட்டினது நான்க்கா."

மாடிக் கதவைத் தட்டி, வாசலில் நின்றபடியே சொன்னார். நர்ஸ் அவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோபம் வருதுண்ணே. பத்து நாளா அந்த வாடையில தூக்கமே இல்ல" என்றவர், "பூ விட்டிருக்குன்னு சொல்றீங்க. காய் பறிச்சுட்டே எடுங்க" என்றார்.

"மழை அதுவரைக்கும் பொறுக்குமா சிஸ்டர்?"

அன்று கடை திறக்கவில்லை. மதியத்துக்குள் பீன்ஸ் கொடிகளைப் பூவோடு பிடுங்கி, மண்ணைச் சாக்குகளில் அள்ளி, தளத்துக்குச் சிமென்ட் பூசினார். மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகக் காலிசெய்து, புது ஷீட் போட்டு, செங்கல் மேல் ஏற்றி வைக்க ஒரு மாதம் பிடித்தது. தக்காளியில் பாதி அதில் போயிற்று. கூரை காய்ந்தது. ஐந்தாவது பாத்தி இருந்த இடத்தில் அக்கா கொடிக்கயிறு கட்டித் துணி உலர்த்துகிறாள்.

இப்போதெல்லாம் தண்ணீர் ஊற்றி முடித்ததும் அவர் உடனே இறங்கிவிடுவதில்லை. தரையில் குப்புறப் படுத்து, செங்கற்களுக்கு இடையே தோள் வரைக்கும் கையை விட்டுத் தளத்தைத் தடவுகிறார். கையை இழுத்து, உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். வெறும் புழுதி. எழுந்து, அடுத்த பாத்தியின் பக்கத்தில் மறுபடியும் படுக்கிறார்.