இரண்டு டின் மசாலா

தொலைக்காட்சியில் நான்கு நிபுணர்கள் உட்கார்ந்து அணுகுண்டைப் பற்றி விவாதிக்க ஆரம்பித்தால் எனக்கு உடனே கறி மசாலா வாசனை வரும். நாற்பத்தைந்து வயதில் இது ஏதோ நோய் என்கிறாள் மனைவி. நோயில்லை. ஒன்பது வயதில் பட்ட அடி.

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், சோற்றில் விதவிதமான கறிக்குழம்பை ஊற்றிக்கொடுக்கும் எங்கள் நாசி கண்டார் கடை. ஆரம்பித்தவர் அம்மாவின் அப்பா. கண்மூடுமுன் அவர் ஒரு காரியம் செய்தார். கறிப்பொடியின் பக்குவத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மகனுக்கும் மறு பாதியை மருமகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். மகன் என் மாமா, மருமகன் என் அத்தா. அவரவர் பாதியை அவரவர் அரைத்து ஒரு டின்னில் வைத்திருப்பார்கள்; ஒருவர் டின்னில் என்ன இருக்கிறதென்று மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் குழம்பு. ஆகவே எவரும் பிரிந்துபோய்த் தனிக்கடை போட முடியாது.

அந்த வருடம் வளைகுடாவில் போர் மூண்டது. கடையில் சோறு ஒரு பக்கம், வெளியுறவுக் கொள்கை ஒரு பக்கம் என்று பரிமாறப்பட்டது.

"குண்டு வச்சிருக்கவன எவன் மாப்ளே தொடுவான்? பயம் இருந்தாத்தான் லா அமைதி" என்றார் அத்தா.

"பயந்து சும்மா கெடக்கறது அமைதியா மச்சான்? உக்காந்து பேசணும். பேசிக்கிட்டே இருக்கணும்" என்றார் மாமா.

"நீ பேசிக்கிட்டே இருந்துதான் இன்னைக்கு ஆட்டுக்கறி அடிப்பிடிச்சுப் போச்சு!"

கடையே சிரித்துவிட்டது. பேச்சுவார்த்தையில் அத்தனை நம்பிக்கை வைத்திருந்த மாமா அந்த நிமிடத்தோடு பேச்சை நிறுத்தினார். தன் டின்னை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சுங்கை பினாங் வீட்டுக்குப் போய்விட்டார். அத்தா தன் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கலந்துவைத்த பொடி வெள்ளிக்கிழமை காலை வரைதான் வரும் என்றார் சமையல்காரர்.

நான் இரண்டு போரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பொடி தீரும் வெள்ளிக்கிழமையே குண்டும் விழும் என்று முடிவுகட்டிக்கொண்டேன். போதாததற்கு, தேத்தண்ணி குடிக்க வந்த ஒருவர், குண்டு விழுந்தால் முதலில் அக்கரையிலுள்ள விமானத்தளத்தில்தான் விழும், நமக்குக் காற்று வந்தாலே போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வந்தது. வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டேன். பையில் பிஸ்கட், ஒரு போத்தல் தண்ணீர், கணக்குப் புத்தகம் (உலகம் அழிந்தாலும் வாத்தியார் கேட்பார்). தலையில் பெரிய சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு கட்டிலடியில் படுத்தேன்.

சட்டியைத் தேடிக்கொண்டு அம்மா வந்தார்.

"குண்டு விழுந்தா அலுமினியச் சட்டி தாங்குமா லா? குடு இங்க, கறி ஆக்கணும்."

சட்டி போனபிறகு கட்டிலடியில் என்ன பாதுகாப்பு? அடுப்படிக்கு இடம் மாறினேன். அம்மா பக்கத்தில் இருந்தால் கதிர்வீச்சு வராது என்பது என் கணிப்பு. அம்மா மல்லியிலிருந்து பட்டை வரை ஒவ்வொன்றாக வறுத்தார். அளக்கவில்லை, கைக்கு வந்ததை அள்ளிப் போட்டார். அரைத்தார். கறி கொதித்தபோது வீடே கடை மாதிரி மணத்தது. இரண்டு தூக்குச்சட்டியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"அத்தாகிட்ட, மாமா அவரு பொடியக் குடுத்தனுப்புனாரு, வீட்டுல கெடந்த ஒங்க பொடியோட கலந்து அம்மா ஆக்குனாங்கன்னு சொல்லு. மாமாகிட்ட, அத்தா குடுத்தனுப்புனாருன்னு அதையே மாத்திச் சொல்லு."

"ரெண்டு பேரும் ஒன்னும் குடுக்கலையேம்மா?"

"ஒனக்கு வயித்துவலின்னியே, வலிச்சுச்சா?"

சைக்கிளை எடுத்தேன்.

அத்தா ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடினார். "பாவம், சின்னப்பய. அவனே எறங்கி வந்துட்டான்" என்றார். மாமா விரலை நக்கிக்கொண்டு, "மச்சானுக்கு வயசாவுதுல்ல, பாவம்" என்றார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமாவின் டின் கடைக்கு வந்தது. அலமாரி ஏற்கனவே திறந்திருந்தது. தோற்றவனிடம் சொல்லிக்காட்டக் கூடாது என்ற பெருந்தன்மையில் இருவரும் கடைசிவரை அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அடுத்த வாரமே, குண்டா பேச்சா என்ற விவாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அம்மா பொய் சொன்னார் என்பது மட்டும்தான் அன்று எனக்குப் புரிந்தது. அது வெளியே வந்துவிடுமோ என்று ஒரு மாதம் பயந்து செத்தேன். எந்த டின்னிலிருந்தும் ஒரு சிட்டிகைகூட அந்தச் சட்டியில் விழவில்லை என்பது உறைக்கவே எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. பாட்டனார் பக்குவத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, சின்ன வயதிலிருந்து கூடவே நின்று வறுத்துக்கொடுத்த மகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். முழுசும் அம்மாவிடம் இருந்தது. அதை ஒருநாளும் வெளியே சொல்லாமல், பாதி பாதியாக வைத்திருந்த இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியே பிழைக்கும்படி கடைசிவரை பார்த்துக்கொண்டார்.

அந்த அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, குண்டு எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.