இரண்டு சுவர்களில் யாகப்பன்

யாகப்பனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாரும் எழுதப் போவதில்லை. என் பெயர் ராஜாமணி. ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டைப்ரைட்டரும் பாரிமுனையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வைத்துக் கடை நடத்துகிறேன். இந்த 1991 ஆகஸ்டில் ஆரம்பித்து டிசம்பருக்குள் முடிந்துபோன விஷயம் இது. முடிந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

யாகப்பனுக்கு நாற்பத்தாறு வயசு, வடக்குப்பட்டுக்காரர். கூட்ரோட்டுக்குப் பக்கத்து ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற பாய்லர் பதினெட்டு வருஷமாக அவர் பொறுப்பு. பாய்லர் பார்க்கிறவனுக்கு சர்க்காரே பரீட்சை வைத்து, போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி ஒரு சர்டிபிகேட் கொடுக்கும். அதைக் கண்ணாடி போட்டு பாய்லருக்கு எதிரே சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அடுப்பு எரிகிற வரைக்கும் அந்த ஆள் அங்கேயே இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். யாகப்பன் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போவார். "ஒண்ணுக்குப் போவணும்னாகூட பாய்லர்கிட்ட பர்மிஷன் கேப்பியாண்ணே?" என்று நான் கேலி பண்ணுவேன். "கேட்டாதான் இன்னா? அது கோச்சிக்கினா நீயும் நானும் இருக்க மாட்டோம்" என்பார் சிரிக்காமல்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் எப்படி இதில் மாட்டினார் என்றால், என்னால்தான் மாட்டினார்.

வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் தாண்டவராயன் என்கிற மெட்ராஸ்காரர் இந்த வருஷம்தான் ஒரு பிளைவுட் கம்பெனி போட்டார். தகர ஷெட்டு, முப்பது ஆள், புத்தம் புதிய பாய்லர். உமியும் கிடையாது, விறகும் கிடையாது. ஆயிலில் எரியும். தண்ணீரைத் தானே ஏற்றிக்கொள்ளும், தண்ணீர் குறைந்தால் மணி அடித்துத் தீயைத் தானே அணைத்துவிடும். எல்லாம் ஆட்டோமேட்டிக். ஆனால் சட்டத்துக்கு ஆட்டோமேட்டிக் தெரியாதே. அது சர்டிபிகேட் உள்ள ஆளைக் கேட்டது.

ஆகஸ்டில் ஒருநாள் தாண்டவராயன் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். யாகப்பனும் அப்போது கடையில் இருந்தார், ரேஷன் கார்டு நகலுக்காக.

"ரேடியோ கேக்கறது இல்லையா ராஜாமணி? டெல்லியிலேயே லைசென்ஸ் கிய்சென்ஸ் எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. இங்க நான் ஒரு பாய்லரப் பத்த வைக்க எழுபது வருஷத்து சட்டப் புஸ்தகத்தப் படிக்க வேண்டியிருக்கு. மெஷின் ஆளக் கேக்கல, சட்டம் ஆளக் கேக்குது. நடுவுல நான்." அப்புறம் யாகப்பன் பக்கம் திரும்பினார். "உன் சர்டிபிகேட்ல ஒரு நகல் போதும்ப்பா. நீ வரவே வேணாம். மாசாமாசம் ஒரு தொகை வீடு தேடி வரும்."

யாகப்பன் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மறுவாரம் பெரிய மழை. அவர் வீட்டுக் கூரை ஒழுகி, கட்டிலோடு படுக்கை நனைந்துபோனது. அதற்கடுத்த நாள் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் நகல் எடுத்தேன். வெறும் நகல் செல்லாது, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும். ரிடையராகி இரண்டு வருஷமான ஒரு ஆபீசரின் ரப்பர் ஸ்டாம்ப் என் மேஜை டிராயரில் கிடந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். குத்தினேன், கிறுக்கினேன். யாகப்பன் இரண்டு சுவர்களில் தொங்க ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது துளிக்கூட உறுத்தவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு மாசம் அவர் சும்மா இருந்தார். பிறகு பாழாய்ப்போன அந்த மனசு கேட்கவில்லை. ஆள் இல்லாமல் ஒரு பாய்லர் ஓடுமா என்று பார்க்க, மில்லுக்கு லீவு விட்ட ஒரு நாள் பிளைவுட் ஷெட்டுக்குப் போனார். திரும்பி நேராக என் கடைக்குத்தான் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்தார்.

"ராஜாமணி, மணிக்குள்ள துணி அடைச்சு வெச்சிக்கீறானுங்க."

புரியவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்தேன். அங்கே போர் தண்ணீர் ஒரே உப்பாம். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிற மிதவை அடிக்கடி சிக்கிக்கொள்ளுமாம். ஒரு நாளைக்குப் பத்து தடவை மணி அடித்துத் தீ அணைந்தால், பிளைவுட் ஒட்டுகிற பிரஸ் ஆறிப்போய்ப் பலகையெல்லாம் வீணாகிறதாம். அதனால் எலெக்ட்ரீஷியனை விட்டு, தீயை அணைக்கிற ஒயரைக் கழற்றி நேராக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மணிக்குள் துணி. இப்போது தண்ணீரே இல்லாவிட்டாலும் தீ எரிந்துகொண்டே இருக்கும்.

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

"கிளியம்மாள்னு ஒரு பொம்பளை. பலகை பொறுக்கிப் போடறவ. ரெண்டு பொண்ணுங்க, புருஷன் இல்ல. சிவப்பு விளக்கு எரிஞ்சா தண்ணி ஏத்தற பட்டனை அமுக்குன்னு சொல்லி உக்கார வெச்சிக்கீறாங்க. கேஜ் கிளாஸ் இன்னான்னே தெரியல அந்தம்மாவுக்கு."

பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய்தான் அது. யாகப்பன் அந்தம்மாளுக்கு அதைக் காட்டி, இதில் தண்ணீர் தெரியவில்லை என்றால் எதையும் தொடாதே, ஓடிவிடு என்று சொல்லியிருக்கிறார். "ஓடிட்டா வேலை பூடுமே ணா" என்றாளாம் கிளியம்மாள்.

துணியை அவரே பிடுங்கி எறிந்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் போனபோது வேறு துணி இருந்தது.

தாண்டவராயனிடம் போய்த் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவர் கோபப்படவே இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்துப் பேசினார். "எடுத்துடலாம் யாகப்பா. ஆனா எடுக்கறதுன்னா இத்தனை நாளா நீ இங்க இல்லன்னு ஆகும். பொய்யா பேர் கொடுத்தேன்னு ஆகும். உன் சர்டிபிகேட்டையே கேன்சல் பண்ணிடுவாங்க. மில்லு வேலையும் போயிடும். நான் அபராதம் கட்டிட்டு வேற ஆளு பாத்துக்குவேன். நீ என்னா பண்ணுவ?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். இந்த ஊரில் சட்டம் பிடிக்க வந்தால் முதலில் யார் கை சிக்கும் என்று தாண்டவராயனுக்குத் தெரியும்.

யாகப்பன் வீட்டுக்காரி அந்தோணிமேரிதான் முடிவைச் சொன்னவள். "கூரை ஒழுவினா ஒழுவட்டும்யா. அந்தப் பொம்பளைக்கு எதனா ஒண்ணு ஆயிட்டா நாம எப்பிடிச் சோறு துன்றது? எழுதிப் போடு. வேலை போனா நான் களை எடுக்கப் போறேன்" என்றாளாம்.

அக்டோபர் மாசம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மில் அடுப்பை அணைத்துவிட்டு யாகப்பன் வந்தார். கையில் பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு எழுதிய கடுதாசி. தன் சர்டிபிகேட்டை இன்னொரு இடத்துக்குக் கொடுத்தது தப்பு, அங்கே தான் ஒருநாளும் வேலை செய்ததில்லை, ஒயரை மாற்றியிருக்கிறார்கள், மணியை அடைத்திருக்கிறார்கள், உயிர்ச்சேதம் ஆவதற்குள் வந்து பாருங்கள். இரண்டு பக்கம், தன் கையெழுத்திலேயே. என் பெயர் அதில் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

"ரிஜிஸ்டர் தபால்ல போட்டுட்டு அப்பிடியே ஷெட்டுக்குப் போறேன். அந்தம்மாவ வெளிய இட்டுனு வந்துடணும். வேலை போனா நம்ம மில்லுல சொல்லி எதனா வாங்கித் தர்றேன்."

"நகல் எடுக்காம கவர்மெண்டுக்கு லெட்டர் போடறியே, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? நாளைக்கு வரவே இல்லன்னு சொல்லிடுவான். இரு, எடுத்துத் தர்றேன்" என்றேன் நான், மகா புத்திசாலி.

சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. காலையிலிருந்தே விட்டு விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவசரப்படவில்லை. கரண்ட் இல்லையென்றால் அங்கேயும் தீ எரியாது, அது வரைக்கும் நிம்மதி என்றார். டீ குடித்தோம். பெரிய பெண் ஜெர்சிக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசினார். அவ்வளவு லேசாக அவர் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதினொன்றேகாலுக்கு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. "வந்துட்சுண்ணே" என்று நான் மிஷினைப் போட்டேன். யாகப்பன் எழுந்துவிட்டார்.

"நின்ன பம்பு காத்துப் புடிச்சிக்கும் ராஜாமணி. ஓடற மாதிரி சத்தம் வரும், தண்ணி ஏறாது. தீ மட்டும் எரியும். நான் போறேன்."

"அஞ்சு நிமிஷம்ண்ணே. மிஷின் சூடானா முடிஞ்சுது. இவ்ளோ நேரம் இருந்துட்டு இப்ப போவியா?"

அவர் வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். வோல்டேஜ் கம்மி. ஸ்டெபிலைசர் கட்டக் கட்டக் என்று அடித்துக்கொண்டது. முதல் தாள் கருப்பாக வந்தது. மறுபடி வைத்தேன். "விடு ராஜாமணி, விடு" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. நான் விடவில்லை. இரண்டாவது பக்கம் வெளியே வந்துகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி நடந்தது. என் கடைக் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் ரோட்டுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மே மாசத்திலிருந்தே இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் குண்டு என்றுதான் நினைப்பார்கள். யாகப்பன் மட்டும் எதையும் பார்க்கவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். கடுதாசி மிஷின் மேலேயே இருந்தது.

கிளியம்மாள் பட்டனில் கை வைத்தபடியே போய்ச் சேர்ந்தாள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் ரப்பர் ஸ்டாம்பை ஏரியில் எறிந்தேன். கடுதாசியை மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

ஷெட்டின் ஒரு பக்கச் சுவர் விழவில்லை. அதில் யாகப்பன் சர்டிபிகேட்டின் நகல் கண்ணாடிகூட உடையாமல் தொங்கியது. ரெஜிஸ்டரில் தினமும் யாகப்பன் வந்ததாகக் கையெழுத்து இருந்தது, யாரோ போட்டது. ரைஸ் மில் முதலாளி பயந்துபோய், அந்த ஆள் எப்போது வருவார் எப்போது போவார் என்று நமக்குத் தெரியாது என்று கைகழுவிவிட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் யாகப்பன் ஒன்றே ஒன்று சொன்னார்: "சத்தம் கேக்கும்போது நான் ராஜாமணி கடைல இருந்தேன் சார்." என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவர் எதிரேயே என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்றால் ஏன் வந்தார் என்பார்கள். கடுதாசியைக் காட்டினால் சர்டிபிகேட்டை நகல் எடுத்தது யார், அதில் ஆபீசர் கையெழுத்துப் போட்டது யார் என்பார்கள். இத்தனையும் ஒரு நொடியில் மனசில் ஓடியது. எனக்கும் குழந்தைகள் இருக்கின்றன. கோழைக்கு எப்போதும் குழந்தைகள்தான் காரணம்.

"அன்னிக்கு கரண்ட் இல்ல சார். கடையப் பூட்டிட்டு நான் வூட்டுக்குப் போயிட்டேன்."

யாகப்பன் என் பக்கம் திரும்பினார். பிறகு அதிகாரியிடம், "சரி சார். நான் அங்கதான் டியூட்டில இருந்தேன்னு எழுதிக்கோங்க" என்றார்.

வெளியே வேப்ப மரத்தடியில் கான்ஸ்டபிள் பீடி பற்ற வைக்கிற நேரத்தில் நான் அவர் கையைப் பிடித்தேன். ஏண்ணே அப்படிச் சொன்னே என்று அழுதேன். அவர் கையை உதறவில்லை. "நீ சொல்லாததும் ஒரு விதத்துல சரிதான். நான் அங்க இல்லன்னு எழுதினா, அந்தம்மா பக்கத்துல யாருமே இல்லன்னுதான ஆவும்? பேப்பர்லயாச்சும் ஒரு ஆள் கூட இருந்ததா இருக்கட்டும்" என்றார்.

எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம்! அந்த ஒரு வரிதான் தாண்டவராயனைக் காப்பாற்றியது. சர்டிபிகேட் உள்ள ஆள் பணியில் இருந்தார், விபத்து அவருடைய கவனக்குறைவு. முதலாளி மேல் ஒரு தப்பும் இல்லை. யாகப்பனுடைய சர்டிபிகேட் ரத்தானது, கேஸ் போட்டார்கள். ஜாமீனில் வந்து வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நான் இரண்டு தடவை போனேன். அவர் சுவர்ப் பக்கமிருந்து திரும்பவில்லை.

நவம்பரில் அந்தோணிமேரி கடைக்கு வந்தாள். "அவுரு எழுதின லெட்டரு உங்ககிட்டதான கீது ணா?" என்று கேட்டாள். எரிந்துபோச்சு, தொலைந்துபோச்சு, என்னவோ உளறினேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

போன வாரம் ஷெட்டைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். அதே மாதிரி புது பாய்லர், அதே உப்புத் தண்ணீர். சுவரில் யாரோ ஒருவருடைய போட்டோ. அந்த நகலை நான் எடுக்கவில்லை, ஸ்ரீபெரும்புதூரில் எடுத்திருப்பார்கள். யாகப்பன் குடும்பம் கஷ்டப்படக் கூடாது என்று பெரிய மனசு பண்ணி, தாண்டவராயன் அந்தோணிமேரிக்கு வேலை கொடுத்திருக்கிறார். கிளியம்மாள் பார்த்த வேலை.

கடுதாசி இதோ மேஜை மேல் இருக்கிறது. நாளைக்கு பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாளன்றைக்கு ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள், என்னையும் உள்ளே வைப்பார்கள். ஆறு நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை எட்டு மணிக்கு அந்தோணிமேரி கம்பெனி வேனுக்காக என் கடை வாசலில் நின்றாள். வேன் வந்ததும் திரும்பிப் பார்த்து, "வரேன் ணா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.