மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்த மண்

போன வாரம் என் மருமகன் ஒரு தோல் பை வாங்கி வந்தார். ஆபீஸுக்கு எடுத்துப்போகிற பை. விலையைச் சொல்லாமல் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டே அதன் வாயைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். "மோந்து பாருங்க மாமா, ஒரிஜினல் லெதர்!" வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு தடவை முகர்ந்துவிட்டு ஆஹா, ஓஹோ என்றார்கள். நான் எழுந்து வாஷ் பேசின் பக்கம் போய்விட்டேன். "அவருக்கு லெதர்னா ஆகாது. கல்யாணத்துக்கே ரப்பர் செருப்புலதான் வந்தார்" என்று என் மனைவி பின்னாலிருந்து சொல்வது கேட்டது. உண்மைதான். அந்தச் செருப்புக்காக என் மாமனார் இரண்டு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாற்றத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவராக இருந்தால் கையைக் கழுவிவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

எழுபதுகளின் ஆரம்பம். தாம்பரத்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குழு. சட்டையில் கஞ்சி மொடமொடப்பு குறைந்தால் உலகமே சரிந்துவிட்டதாக நினைக்கிற குடும்பம். எனக்குக் கிராம சேவக் வேலை கிடைத்தது. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், புது நெல் ரகம் போடுங்கள், யூரியா போடுங்கள் என்று நெல் விளைவித்தே கிழவரானவர்களுக்கு இருபத்துமூன்று வயதில் புத்தி சொல்கிற உத்தியோகம். எனக்குக் கிடைத்த ஊர்களில் பம்மலும் அனகாபுத்தூரும் இருந்தன. அம்மா தினமும் என் கைக்குட்டையில் யூடிகோலன் வாசனைத் தண்ணீர் தெளித்து நாலாக மடித்துக் கொடுப்பாள். ஏன் என்று பம்மலில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அங்கே கண்டக்டர் ஸ்டாப் பெயரைக் கத்தவே வேண்டாம், தோல் பதனிடும் கம்பெனிகளின் நாற்றமே சொல்லிவிடும். உப்புப் போட்டு மூட்டையாகக் கட்டிய பச்சைத் தோல் லாரியிலிருந்து இறங்கும். மூட்டையின் அடியிலிருந்து ஒரு தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீரை நாய்கூட நக்காது. ஈ மட்டும் மொய்க்கும். அதற்கப்புறம் சுண்ணாம்புத் தொட்டி. நாலைந்து நாள் ஊறி, மயிர் கழன்று, உள்பக்கத்துக் கொழுப்பைச் சுரண்டி எடுத்து மூலையில் குவித்திருப்பார்கள். வெயில் ஏற ஏற அந்தக் குவியல் அசையும். புழு. சீ! ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, இதை எழுதும்போது எனக்கு நாக்கடியில் உமிழ்நீர் சுரக்கிறது, வாந்திக்கு முன்னால் சுரக்குமே அது. பஸ்ஸில் அந்த வேலையாள் யாராவது என் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்களோ காலியான இடத்தில் இன்னும் கொஞ்சம் தாராளமாக உட்கார்ந்துகொள்வார்கள். இப்போது யோசித்தால் அருவருப்பு யார்மேல் படவேண்டியது என்று நன்றாகவே தெரிகிறது.

ஒரு தோல் கம்பெனியின் பின்சுவரை ஒட்டிக் கன்னியம்மாவின் அறுபது சென்ட் நிலம். பெயர்தான் அறுபது சென்ட். அதில் மூன்று துண்டு. ரோட்டோரம் ஒரு மேட்டுத்துண்டு, நடுவில் ஒன்று, சுவரோரம் பள்ளத்தில் ஒன்று. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, கொஞ்சம் கொத்தமல்லி. விடிவதற்குள் பறித்து, ஈரத்துணி சுற்றி, பல்லாவரம் வரை தலையில் சுமந்துபோய் விற்றுவிட்டு வருவாள். நாற்பது வயதிருக்கும். என்னைப் போன்ற உத்தியோகஸ்தர்களிடம் பயமும் கிடையாது, பணிவும் கிடையாது. "இன்னா சார், இன்னிக்கி இன்னா மருந்து விக்க வந்துகீற?" என்றுதான் வரவேற்பாள்.

கம்பெனிக் கழிவுத் தண்ணீர் அவள் நிலத்துக்குள் எப்படி வந்தது என்று கேட்டீர்களானால், அதைக் கூப்பிட்டவர்களே இவர்கள்தான். இதை நான் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்தப் பக்கத்து விவசாயிகள் ரொம்ப காலமாகவே கம்பெனியிலிருந்து மயிரும் சுண்ணாம்புச் சேறும் வண்டிவண்டியாக வாங்கிப்போய் எருவாகப் போட்டவர்கள். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று கம்பெனியும் சும்மா கொடுத்தது. கறுப்பாக நாறுகிற எதுவும் பயிருக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. அதனால் ஒரு கோடையில் கிணறு வற்றியபோது, கன்னியம்மாவும் பக்கத்து நிலக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, சுவருக்கு வெளியே ஓடிய சாக்கடையிலிருந்து மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். கம்பெனிக்கு நோகாமல் நோன்பு. தண்ணீரை எங்கே தள்ளுவது என்று முழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வயலே வாயைத் திறந்து கொடுத்தது.

"ரெண்டு வருசம் தளதளன்னு வந்துச்சி சார். ஒரு எல ஒரு கை அகலம். அப்பால தான் பேஜாரு" என்றாள்.

அப்பால என்ன ஆயிற்று என்றால், முதலில் கீரையின் நுனி கருகியது. பிறகு விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் மஞ்சளாகி உட்கார்ந்துவிட்டது. நிலத்தின் மேலே வெள்ளையாகப் பூத்தது. தண்ணீர் விட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் மண்வெட்டி தெறிக்கும். தென்னை குரும்பையைக் கொட்டியது. இதற்குள் கம்பெனியிலும் தொழில் மாறியிருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் போய், குரோம் உப்புப் போட்ட தொட்டியிலிருந்து நீலமாகத் தோல் வெளியே வர ஆரம்பித்திருந்தது. வாய்க்காலிலும் ஒரு பச்சையும் நீலமுமான தண்ணீர் வந்தது. வாய்க்காலை அடைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் கரையைக் கரைத்துக்கொண்டு தானே வந்தது. கன்னியம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. அந்தத் தண்ணீரில் குளித்த சின்னப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு.

மூன்று குடும்பமும் கைநாட்டு வைத்து எங்கள் ஆபீஸ் மேலதிகாரிக்கு மனுப் போட்டார்கள். கழிவுத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி அதற்கு வேறு வழி பண்ண வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, அது கெட்டிருப்பது நிஜமானால் நடவடிக்கை எடுப்பதாகப் பதில் வந்தது. மண்ணை யார் எடுப்பது? கிராம சேவக். அதாவது, யூடிகோலன் கைக்குட்டையோடு நான்.

மண் மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பல இடங்களில் ஆங்கில வி எழுத்து மாதிரிக் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மேலிருந்து கீழாகச் சுரண்டி, எல்லாவற்றையும் ஒரு சாக்கின்மேல் கொட்டிக் கலக்கவேண்டும். பிறகு அதை நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து, அரைக்கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யவேண்டும். எந்த இடம் வித்தியாசமாகத் தெரிகிறதோ அந்த இடத்து மண்ணைத் தனிப் பையில் எடுக்கவேண்டும். இதைத்தான் எங்களுக்குப் பயிற்சியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு மனப்பாடம்.

நான் போன அன்று காலையில் மழை பெய்து வெயில் அடித்திருந்தது. பள்ளத்துத் துண்டில் கணுக்கால் அளவு அந்தத் தண்ணீர். அதில் கொத்துக் கொத்தாக மயிர். ஒரு ஆட்டுக்காதோ என்னவோ, வெள்ளையாக ஊறிப்போய் மிதந்தது. ஓரத்தில் நுரை. நான் வரப்பில் நின்று கைக்குட்டையை மூக்கில் அழுத்தினேன்.

"இன்னா சார், மூக்க புட்சிக்கினு நிக்கற? நாங்க இங்கயே குந்திக்கினு சோறு துன்றோம்" என்று சிரித்தாள் கன்னியம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள். "மூஞ்சே வெளுத்துப்போச்சி. இரு சார், எங்க கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியாது. கோயில் கெணத்துலேந்து ஒரு சொம்பு எத்துக்கினு வரேன்." வெயிலில் விறுவிறுவென்று நடந்தாள். கோயில் கிணறு அரை மைல்.

அவள் திரும்பி வருவதற்குள் நான் வேலையை முடித்துவிட்டேன். ஐந்து குழியும் ரோட்டோர மேட்டுத்துண்டில். அங்கே நாற்றம் கொஞ்சம் குறைவு. செருப்பில் சேறு ஒட்டாது. அந்தத் துண்டில் போன மாதம்தான் அவள் ஏரி வண்டல் அடித்துப் பரப்பியிருந்தாள், கழிவுத் தண்ணீர் படாத புது மண். எனக்கு அது தெரியும். அவளே சொல்லியிருந்தாள். பையைக் கட்டி, சீட்டில் அவள் பெயரையும் சர்வே நம்பரையும் எழுதி உள்ளே போட்டேன். அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

"எல்லா எடத்துலயும் எட்த்துட்டியா சார்?"

"எடுத்தாச்சும்மா."

ஒரு மாதம் கழித்து மண் பரிசோதனை அட்டை வந்தது. உப்பின் நிலை என்ற இடத்துக்கு நேரே 'தீங்கற்றது' என்று எழுதியிருந்தது. கீழே ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா என்று சிபாரிசு. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போதுகூட நேரம் இருந்தது. தப்பாக எடுத்துவிட்டேன், மறுபடி எடுக்கிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் எனக்கு வேலை நிரந்தரமாகாத சமயம். அதைவிட, மறுபடி எடுப்பதென்றால் அந்தத் தண்ணீரில் இறங்கவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது காரணம்தான் என்னைத் தடுத்தது. தூ, இதுவும் ஒரு காரணமா!

மனு தள்ளுபடியானது. கம்பெனி மேனேஜர் என்னை ரோட்டில் பார்த்துக் கைகொடுத்தார். "சர்க்காரே நல்ல மண்ணுன்னு சொல்லிடுச்சே சார், நாங்க என்ன சொல்லப்போறோம்?" என்று சிரித்தார். அவர் கை சுத்தமாக, சந்தன சோப்பு மணத்தோடு இருந்தது. நான் அதைக் குலுக்கினேன்.

கன்னியம்மா அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கே வந்தாள். படிக்கத் தெரியாது.

"இதுல இன்னா போட்டுகீது, நீயே படிச்சி சொல்லு சார்."

"மண்ணுல ஒண்ணும் கெடுதல் இல்லைன்னு போட்டிருக்கும்மா."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப ஏன் சார் மொளைக்க மாட்டேங்குது?"

பக்கத்து மேஜைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "விதை பழசா இருக்கலாம். இல்ல, நீங்க சரியாப் பாத்துக்கலையோ என்னமோ." அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் ஒருவேளை நான் உடைந்துபோய்ச் சொல்லியிருப்பேன். அவள் அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். இன்னும் மூன்று போகம் விதைத்துப் பார்த்தாளாம். யூரியாவும் வாங்கிப் போட்டாளாம். அப்புறம் நிலத்தை விற்றுவிட்டாள். நான் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

ஏழெட்டு வருஷம் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். கோணிமேல் கீரைக்கட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. நான் நழுவப் பார்த்தேன். அவள்தான் முதலில் கண்டுகொண்டாள். "சார்! நல்லாகீறியா? கண்ணாலம் ஆய்டுச்சா?" சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

எங்கே பயிர் வைக்கிறீர்கள் என்று கேட்டேன், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"நான் எங்க சார் பயிர் வெக்கறது? படப்பை பக்கத்துலேந்து வருது, வாங்கி விக்கறேன். என் கை சரியில்ல சார். மண்ணு மேல குத்தம் சொல்ல முடியுமா? சர்க்காரே டெஸ்ட் பண்ணி நல்லாகீதுன்னுச்சே. நல்ல மண்ணு, என் கை பட்டுதான் பாழா பூட்ச்சி." கீரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாள். "மருமவ வூட்ல தக்காளி நட்டுகீறா. நான் தண்ணிகூட ஊத்தறதில்ல. அதுவாவது நல்லா வரட்டும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். சந்தைக் கூச்சலில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. நான் இரண்டு கட்டு கீரை வாங்கினேன். அவள் ஒரு பிடி கொத்தமல்லியைக் கொசுறாக வைத்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் அத்தனையையும் ஒரு மாட்டுக்குப் போட்டேன். என்னால் அதைத் தின்றிருக்க முடியாது.

ரிட்டயரான பிறகு ஒருநாள் பம்மலுக்குப் போனேன். கம்பெனி இல்லை. வாய்க்கால் இருந்த இடத்தில் சிமென்ட் ரோடு, அதன்மேல் ஷேர் ஆட்டோ. மேட்டுத்துண்டு, பள்ளத்துத்துண்டு எல்லாம் ஒரே மட்டமாகி, ஒட்டி ஒட்டி வீடுகள். மூக்கைப் பொத்தாமல் நின்றேன், ஒரு நாற்றமும் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் அவள் உட்கார்ந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பெரியவர்களிடம் விசாரித்தேன், கீரைக்காரக் கன்னியம்மா எங்கே இருக்கிறார் என்று. ஒருவர் மட்டும், "அவங்க போய்ச் சேந்து ரொம்ப வருசம் ஆச்சே. என்னா விஷயம், எதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.