பரிசல்காரியின் ஏழாம் பாகம்

நான் பத்திர எழுத்தர். காஞ்சிபுரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு கணினியும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு, கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் வீடு என்று பகல் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பவன். முசரவாக்கத்தில் பயிர் வைக்கும் குடும்பம் எங்களுடையது. அதில் கதை எழுதக் கிளம்பிய ஒரே ஆள் நான்தான். இரண்டு நாவல் எழுதினேன். இரண்டும் பதிப்பாளரின் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன. "ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க" என்று என் மனைவி சொல்வாள். எனக்குக் கோபம் வரும்.

அதனால்தான் பதிப்பாளர் சென்னையிலிருந்து போன் செய்து, "அவரோட ஏழாம் பாகத்தை நீங்க எழுதித் தர முடியுமா?" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் என்றால், சின்ன காஞ்சிபுரத்தில் வாழ்ந்து, சில மாதங்களுக்கு முன் காலமான எழுத்தாளர். பட்டுச் சேலைக்கு டிசைன் வரைவது தொழில். மிச்ச நேரத்தில் மாயாஜாலக் கதை. வறண்டு கிடக்கும் ஓர் ஆற்றின் மணலுக்கு அடியில் இன்னோர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஒரு நாடு. நாட்டுக்கு நிழலில்லாத ஓர் அரசன். அவனை ஆறு கடத்திவிடும் ஒரு பரிசல்காரி. மூன்றாம் பாகத்தில் இருவருக்கும் கல்யாணம் ஆகிறது. ஆறாம் பாகத்தின் முடிவில் ஆளுக்கொரு கரையில் நிற்கிறார்கள். அத்தோடு அவர் போய்விட்டார். ஆறு பாகங்களையும் நான் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தவன். பொறாமையோடுதான் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அனுமதி தரவேண்டியவர் அவருடைய மனைவி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. நான் போனபோது கூடத்தில் தறியில் உட்கார்ந்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"எழுது தம்பி, வேணாம்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு அத்தியாயமும் எனக்குப் படிச்சிக் காட்டிட்டுத்தான் அனுப்பணும்."

சரி என்றேன். எழுந்து போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இது அவரு பை. கடைசி கதைக்கு போட்டு வெச்சது இதுலதான் இருக்குது. நான் தொறக்கல. தொறந்து பாக்க மனசு வரல. ஒண்ணரை வருசமா அவருக்குத் தெரிஞ்சிருக்குதுபா, உடம்புக்கு இன்னான்னு. டாக்டர் சீட்டெல்லாம் பீரோவுல ஒளிச்சி வெச்சிருந்தாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஆஸ்பத்திரியில கடைசி நாளுகூட, ஜன்னல சாத்துன்னாரு, அவ்ளோதான். அந்தப் பரிசல்காரி நான்தான், தெரியுமா? நான் திட்டுறத அப்டியே அவ வாயில வெச்சிருவாரு. எனக்குன்னு எதனா சொல்லிட்டுப் போயிருக்காரான்னு அதுல பாத்துச் சொல்லு. எனக்கு அது போதும்."

வீட்டுக்கு வந்து திறந்தேன். பைக்குள் கையெழுத்துப் பிரதியும் இல்லை, மனைவிக்கென்று கடிதமும் இல்லை. ஒரே ஒரு பெரிய கிராஃப் தாள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சேலை டிசைனுக்குப் பயன்படும் அதே தாளில் கதைக்குத் திட்டம் போட்டிருந்தார். கதாபாத்திரம் ஒன்றுக்கு நெடுக்காக ஒரு பத்தி, அத்தியாயம் ஒன்றுக்குக் குறுக்காக ஒரு வரி, மொத்தம் முப்பத்தாறு வரி. ஓர் ஆள் வரும் அத்தியாயங்களில் அவருடைய கட்டத்துக்கு வண்ணம் அடித்திருந்தார். அரசனுக்குப் பச்சை, பரிசல்காரிக்கு அரக்கு. ஓரத்தில் எங்கோ ஒரு வரிக்கு 'விருந்து', இன்னொரு வரிக்கு 'வெள்ளம்' என்று குறிப்பு. எண் எதுவும் போடவில்லை. பெயர்களைத் தாளின் அடியில் எழுதியிருந்தார். மேலே எழுத மறந்து, பிறகு கீழே எழுதியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்தால் எதிரிலிருப்பவன்தான் தப்பு செய்திருப்பான் என்று நினைப்பது என் சுபாவம்.

முதல் பதினோரு வரியில் பரிசல்காரி மட்டும் இருந்தாள். பிறகு அரசன் வந்தான், இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். இருபத்து நான்காம் வரியோடு அரக்கு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு பச்சை மட்டும்தான், அதிலும் கடைசிக்குப் பக்கத்தில் 'விருந்து'. எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. அவள் அவனைத் தேடுகிறாள், கண்டுபிடிக்கிறாள், வெள்ளத்தில் சாகிறாள். அவன் நாட்டை மீட்டு விருந்து வைக்கிறான்.

ஞாயிறுதோறும் மதியம் போய்ப் படித்துக் காட்டினேன். அவரை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தேன். முதல் பதினோரு அத்தியாயங்களை அக்கா ரசித்துக் கேட்டார். பரிசல்காரி ஆற்றுச் சுங்கக்காரனிடம் சண்டை போடும் இடத்தில், "சுங்கக்காரன இன்னும் நாலு கேள்வி கேக்கச் சொல்லு. நானா இருந்தா சும்மா வுட்டிருக்க மாட்டேன்" என்பார். நான் திருத்துவேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் எழுத்தை ஒருவர் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்து கேட்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அவர் கேட்பது என் கதையை அல்ல, தன் புருஷனின் வார்த்தையை என்பதை நான் சௌகரியமாக மறந்துபோனேன்.

கருட சேவைக் கூட்டம் ஓய்ந்த வாரத்தில் இருபத்து நான்காம் அத்தியாயத்தைப் படித்தேன். பரிசல் கவிழ்கிறது. அவள் மூழ்குகிறாள். அரசன் கரையேறிவிடுகிறான். என்னால் முடிந்த மட்டும் உருகி எழுதியிருந்தேன்.

தறிச் சத்தம் நின்றது.

"அவரே இப்டித்தான் போட்டு வெச்சிருக்காரா?"

"ஆமாக்கா. அவளோட கட்டம் அந்த வரியோட நிக்குது. அப்புறம் கடைசி வரைக்கும் அரசன்தான்."

"அவரு இருக்காரு. நான் ஆத்தோட பூட்டேன்."

நான் தாள்களை அடுக்கினேன்.

"சரி, மீதிய நீயே எழுதிக்கோ தம்பி. நான் கேக்கணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்தார். அதன்பின் இரண்டு ஞாயிறு போனேன். முதல் ஞாயிறு கதவு பூட்டியிருந்தது. அடுத்த ஞாயிறு உள்ளேயிருந்தே "வேல இருக்குதுபா" என்றார். நான் அக்காவுக்காக அந்த எழுத்தாளர் மேல் கோபப்பட்டேன். சாகிற நேரத்தில் கட்டிய மனைவியைக் கதையில் கொன்றுவிட்டு, தான் மட்டும் விருந்து சாப்பிடுகிறானே, என்ன ஆள் இவன்!

முப்பது அத்தியாயம் முடித்திருந்தபோது பதிப்பாளர் அந்தத் திட்டத்தாளைப் புத்தகத்தில் அப்படியே அச்சிட வேண்டும் என்றார். அதற்கும் அக்காவின் சம்மதம் வேண்டும். வேறு வழியில்லாமல் தாளை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்க்க மறுத்தார். "பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க" என்று அவர் முன்னால் தரையில் விரித்தேன்.

அவர் கண் நேராகத் தாளின் அடிப்பகுதிக்குப் போயிற்று. அங்கே எழுதியிருந்த பெயர்களைப் படித்தார். விரலை அடி வரியில் வைத்து, ஒவ்வொரு வரியாக மேலே ஏற்றினார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீ இத எங்க இருந்து படிச்ச?"

"மேல இருந்துதான்."

"மேல இருந்தா? ஏம்பா, டிசைன் கீழ இருந்துதானே ஏறும்? மொத இழை அடியில விழும், அடுத்தது அதுக்கு மேல. இந்த ஊர்ல யாரு மேல இருந்து படிப்பாங்க?"

என் முகம் எரிந்தது. பத்திரத்தை மேலிருந்து கீழே படிக்கிறவன் நான். பக்கத்து ஊரில் பிறந்து, இத்தனை வருஷம் இந்த ஊர்த் தெருவில் நடந்து, ஒரு டிசைன் தாளை எப்படிப் பிடிப்பது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததென்றால்கூட ஏதோ ஓர் உருவம் மிஞ்சும். நான் அவருடைய கதையைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தேன்.

அக்கா என்னை மறந்துவிட்டார். விரல் மேலே போய்க்கொண்டிருந்தது. விருந்தில் அரசன் மட்டும். பிறகு அவள் வருகிறாள். கொஞ்ச தூரம் பச்சையும் அரக்கும் பக்கத்துப் பக்கத்தில். வெள்ளம். இருபத்தைந்தாம் வரியில் பச்சை நின்றது. அரக்கு நிற்கவில்லை. தனியாக ஏறிற்று. அவர் வாய்விட்டு எண்ணினார். பதினொன்று. தாளின் உச்சிக் கட்டம்வரை வண்ணம் அடித்திருந்தது.

"அவரு போறாரு. நான் இருக்கேன்" என்றார்.

தாளை ஓங்கி ஓர் அடி அடித்தார். "இத்தன கட்டம் போடத் தெரிஞ்ச மனுசனுக்கு, வாயத் தொறந்து எங்கிட்ட சொல்லத் தெரியலியே! ஒண்ணரை வருசம் பக்கத்துலயே உக்காந்து சோறு துன்னுக்கினு..." மேலே பேச முடியாமல் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எழுதிய முப்பது அத்தியாயமும் குப்பைக்குப் போகிறதே என்பதற்காக இல்லை. நான் அவரிடம் படித்துக் காட்டிய அந்த ஒரு சாவுக்காக, அவர் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த அந்த வாரங்களுக்காக.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். காதில் விழுந்ததா தெரியவில்லை.

அழுது ஓய்ந்து, முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மறுபடி தறியில் போய் உட்கார்ந்தார். நான் தாளை மடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே உள்ள பதினோரு வரிகளின் ஓரத்தில் குறிப்பு ஒன்றுகூட இல்லை.

"அக்கா, இந்தக் கடைசி பதினோரு அத்தியாயத்துக்கு அவரு ஒண்ணுமே எழுதி வெக்கல. அரசன் போனப்புறம் அவ தனியா இன்னா பண்றா?"

அக்கா அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார்.

"இன்னா பண்ணுவா? பரிசல் ஓட்டுவா. கரையில ஆளுங்க நின்னுக்கினு இருப்பாங்க இல்ல?"